எலியைக் கொல்றதா, எலிக்கு இடமில்லாம வீட்டைக் கட்டுறதா? ஜாவா தீவில் நடந்த கதை

வீட்டில் எலித் தொல்லை இருக்கிறவங்க, இருந்து தப்பிச்சவங்க, பரண்ல சத்தம் கேட்டு ராத்திரி எழுந்து உட்கார்ந்தவங்க எல்லாரும் இந்த நீண்ட பதிவைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க. பாதி வரலாறு, பாதி மருத்துவம்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எங்களுக்கு எலி பல வேஷத்தில் வரும். மழைக்காலம் முடிஞ்சா எலிக்காய்ச்சல். நடுராத்திரியில் கைக்குழந்தையின் விரலைக் கடிச்சிடுச்சுன்னு ஓடி வர்ற அம்மா. ஆனா என் அனுபவத்தில் அதிகமா பயமுறுத்துறது எலி கொண்டு வந்த நோய் இல்லை. எலிக்காக வாங்கி அலமாரியில் வெச்ச பேஸ்ட். எலியைக் கொல்ல வாங்கின பொருள் வீட்டில் இருக்கிற மனுஷனைக் கொல்லுது.

அதனால எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. எலியைக் கொல்லாமலே வீட்டை விட்டு வெளியே நிறுத்த முடியாதா?

முடியுமான்னு ஒரு தீவே முயற்சி பண்ணிப் பார்த்திருக்கு. ஏறத்தாழ 30 வருஷம். சுமார் 15 லட்சம் வீடுகள். இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா. அங்கே போறதுக்கு முன்னாடி பம்பாயில் ஒரு நிறுத்தம் இருக்கு. எலிக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்னு முதலில் நிரூபிச்சது அங்கேதான்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாக்டீரியாவை அதற்கு 2 வருஷம் முன்னாடியே, 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சான் கண்டுபிடித்துவிட்டார். ஆனா அது மனுஷனுக்கு எப்படி வருதுன்னு யாருக்கும் தெரியலை. அழுக்கு, கெட்ட காற்று, ஈரத் தரை என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அரசாங்கம் வீடு வீடாகப் புகுந்து கிருமிநாசினியை ஊற்றியது. ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டது. சுண்ணாம்பு அடித்தது. இப்படி வீட்டைக் கலைச்சா எலி என்ன பண்ணும்? மூட்டை முடிச்சோட பக்கத்து வீட்டுக்குப் போயிடும். நோயும் கூடவே போகும்.

1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு சின்ன சோதனை செய்தார். பிளேக் வந்த வீட்டிலிருந்து பிடிச்ச நோயுற்ற எலியைக் கண்ணாடி ஜாடியில் போட்டார். நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூண்டில் வைத்து அதே ஜாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் தொட்டுக்கொள்ள முடியாது. தெள்ளுப்பூச்சி மட்டும் தாவலாம். சில நாளில் நல்ல எலியும் பிளேக்கில் செத்தது. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி சூடான இன்னொரு உடம்பைத் தேடும். பக்கத்தில் தூங்குற நீங்கதான் அந்த உடம்பு.

பல வருஷம் அவரை யாரும் நம்பலை. (மருத்துவத்தில் இது புதுசு இல்லை.) பிறகு பம்பாய் பரேலில் பிளேக் ஆராய்ச்சிக் குழு செய்த ஒரு சோதனை இருக்கே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரே மாதிரி ஆறு சின்னக் கட்டடங்கள் கட்டினார்கள். கூரை மட்டும் வேறு வேறு. இரண்டுக்கு நாட்டு ஓடு. நம்ம ஊரில் அடுக்கடுக்கா, வளைச்சு வளைச்சுப் போடுவாங்களே, அது. எலிக்கு அரண்மனை. இரண்டுக்குத் தட்டையான மங்களூர் ஓடு. எலி இருக்கலாம், ஆனா அவ்வளவு வசதி இல்லை. கடைசி இரண்டுக்குத் தகரம். எலி தங்கவே முடியாது. கூரைக்குக் கீழே கம்பி வலை. எலி கீழே இறங்க வழியில்லை. அதன் தெள்ளுப்பூச்சி விழலாம். உள்ளே நோயுள்ள கினிப்பன்றிகளையும் நல்ல கினிப்பன்றிகளையும் ஒன்றாக விட்டார்கள். ஓட்டுக் கூரைக்குக் கீழே தெள்ளுப்பூச்சி விழுந்தது, பிளேக் பரவியது. தகரக் கூரைக்குக் கீழே தெள்ளுப்பூச்சி இல்லை. நோயுள்ளதும் இல்லாததும் ஒட்டி உரசிக்கொண்டு ஒன்றாகத் தின்றும்கூட நோய் பரவலை.

உள்ளே இருந்த உயிர் அதேதான், தீனி அதேதான், அழுக்கும் அதேதான். கூரை மாறினதும் சாவு மாறிடுச்சு.

சரி, எலிதான் காரணம்னா எலியைக் கொன்னா முடிஞ்சு போச்சே? அதையும் பார்த்தாச்சு. 1902-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஹனோயில், வெள்ளையர் குடியிருப்புக்காகப் புதிதாகக் கட்டிய பாதாளச் சாக்கடையில் எலி பெருகியது. எலியைக் கொன்று வாலைக் கொண்டு வந்தா காசு என்று அறிவித்தார்கள். ஒரே நாளில் 20,000-க்கு மேல் எலிகள் கணக்கில் வந்தன. ஆனா எலி குறையலை. கொஞ்ச நாளில் ஊருக்குள் வாலில்லாத எலிகள் ஓடின. வாலை மட்டும் வெட்டிட்டு ஆளை விட்டுடுவாங்க, அது குட்டி போட்டால்தானே நாளைக்கும் காசு! நகருக்கு வெளியே எலிப் பண்ணையே நடத்தினதும் தெரியவந்தது. திட்டத்தை மூடினார்கள்.

இப்போ ஜாவா.

1910-ல் ஜாவாவில் விளைச்சல் சரியில்லை. பர்மாவிலிருந்து அரிசி இறக்கினார்கள். கப்பல் சுரபாயா துறைமுகத்துக்கு வந்தது. அரிசியோடு எலியும் தெள்ளுப்பூச்சியும் வந்தன. மூட்டைகள் ரயிலேறி மலங் என்ற உள்நாட்டு ஊரின் கிட்டங்கிகளுக்குப் போயின. 1911 மார்ச்சில் மலங் பகுதியில் ஆட்கள் நெறி கட்டி, காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். அந்தத் தீவு அதுவரை பார்க்காத நோய்.

டச்சு மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஜாவா வீடு மூங்கில் வீடு. தூண் மூங்கில், உத்தரம் மூங்கில், சுவர் மூங்கில் பாய், படுக்கிற கட்டிலும் மூங்கில். கூரை ஓலை அல்லது புல். அழகான வீடு. காற்றோட்டமான வீடு. நிலநடுக்கம் வந்தா ஆடிட்டு நின்னுடும். ஆனா மூங்கில் உள்ளே வெற்றுக் குழாய். வெட்டின முனை திறந்திருந்தா அது எலிக்கு ரெடிமேட் வளை.

வீடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உத்தரத்து மூங்கிலைப் பிளந்தால் உள்ளே எலிக்கூடு. கட்டில் காலைப் பிளந்தால் எலிக்கூடு. கூரையின் இரண்டு அடுக்குக்கு நடுவில் எலிக்கூடு. பிளந்த மூங்கிலுக்குள் கூடு தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்து வைத்தார்கள். ராத்திரி அந்தக் குடும்பம் படுத்திருந்த இடத்துக்கும் எலி பிரசவித்த இடத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தோல்தான் இருந்தது.

முதலில் என்ன செய்தார்கள்? நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின மாதிரின்னு. நிஜமாகவே அதைத்தான் செய்தார்கள். ஆட்களைத் தற்காலிகக் கொட்டகைகளுக்கு விரட்டிவிட்டு, பிளேக் வந்த குடிசைகளில் பலவற்றைக் கொளுத்தினார்கள்.

இங்கே ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பெயர் சிப்தோ மங்குன்குசுமோ. ஜாவாக்காரர். பத்தாவியாவில் உள்ளூர் ஆட்களுக்காக நடத்தப்பட்ட ஸ்டோவியா மருத்துவப் பள்ளியில் 1905-ல் படித்து முடித்தவர். மலங் பகுதிக்குப் போக ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் தயங்கினார்கள். சிப்தோ நானே போறேன்னு போனார். கொளுத்தப்பட இருந்த ஒரு குடிசையில், குடும்பமே செத்துப்போய், ஒரு பெண் குழந்தை மட்டும் உயிரோடு கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்து தன் மகளாக வளர்த்தார். பெயர் பெஸ்யாத்தி. டச்சு மொழியில் பிளேக்குக்கு 'பெஸ்ட்' என்று பெயர். நோயின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டார்.

அரசாங்கம் அவர் சேவைக்கு ஆரஞ்ச்-நாசாவ் விருது கொடுத்தது. பிறகு சோலோவில் பிளேக் வந்தபோது அங்கேயும் வேலை செய்ய அனுமதி கேட்டார். அதற்குள் அவர் ஆட்சிக்கு எதிராக எழுதிப் பேசி, நாடு கடத்தப்பட்டுத் திரும்பியிருந்தார். அனுமதி மறுத்தார்கள். விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று ஜகார்த்தாவின் மிகப்பெரிய அரசு மருத்துவமனைக்கு அவர் பெயர்தான்.

வீட்டுக்கு வருவோம். கொளுத்திக்கொண்டே இருந்தால் தீவில் வீடே மிஞ்சாது என்று புரிந்ததும் டச்சு அரசு வேறு வழிக்குப் போனது. 'வீடு சீரமைப்பு' என்று பெயர். எலிக்கு ஒளிய இடமில்லாதபடி வீட்டைத் திருத்துவது.

மூங்கில் தூணுக்குப் பதில் மரத்தூண். மூங்கில்தான் போடணும்னா அதன் திறந்த முனையை அடைக்கணும். ஓலைக் கூரைக்குப் பதில் ஒற்றை அடுக்கு ஓடு, அதுவும் கீழே நின்று அண்ணாந்தால் ஓட்டின் அடிப்பக்கம் முழுசும் தெரியணும். இரட்டைச் சுவர் கூடாது. வெளிச்சம் வர ஜன்னல். பொருள்களைச் சுவரோடு அண்டக் கொடுத்துக் குவிக்கக் கூடாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கு, கவனிச்சீங்களா? எலி வீட்டுக்குள் நுழையவே முடியாதபடி அவர்கள் செய்யலை. கதவு ஜன்னல் உள்ள கிராமத்து வீட்டில் அது நடக்கிற காரியமும் இல்லை. எலி கண்ணுக்குத் தெரியாமல் தங்க முடியாதபடி செய்தார்கள். வரும், போகும். குடும்பம் நடத்த முடியாது. குட்டி போட இடமில்லாத வீட்டில் எலிக்கு வேலை இல்லை. எலிப்பொறியும் விஷமும் வைக்கிற நாம பெரும்பாலும் யோசிக்காத கோணம் இது. நாம வந்த எலியைப் பார்க்கிறோம், அது தங்கின இடத்தைப் பார்க்கிறதில்லை.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? இப்போ அந்த வீட்டுக்காரர் பக்கம் நின்று பாருங்க.

ஒரு நாள் அதிகாரி வருவார். உன் வீடு சரியில்லை, பிரி என்பார். மூங்கில் தோட்டத்திலேயே கிடைக்கும், ஊர் ஆட்கள் சேர்ந்து கட்டிக்கொடுப்பார்கள். மரமும் ஓடும் காசு கொடுத்து வாங்கணும். அரசு முன்பணம் கொடுத்தது, ஆனால் அது கடன். தவணையில் திருப்பிக் கட்டணும். பிளேக் எலி வந்தது இறக்குமதி அரிசியில். அந்த வியாபாரத்தில் லாபம் பார்த்தது யாரோ. வீட்டைப் பிரித்துக் கடன்காரன் ஆனது மலங் பக்கத்து விவசாயி. எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்ற ஊர்க்காரங்க நாம, சொந்தக் கூரையை அடுத்தவன் வந்து பிரிக்கச் சொன்னா எப்படி இருக்கும்னு தனியா விளக்க வேண்டியதில்லை.

அதோடு முடியலை. திருத்தின வீட்டை ஆய்வாளர்கள் அவ்வப்போது வந்து சோதிப்பார்கள். கட்டிலுக்கு அடியில் பார்ப்பார்கள், பானை நகர்த்துவார்கள். யாராவது இறந்தால் அது பிளேக்கா என்று பார்க்க, பிணத்தின் மண்ணீரலில் ஊசி குத்தி மாதிரி எடுத்தார்கள். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு இறந்த உடலைக் குத்துவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பு வந்தது. சாவை மறைத்தார்கள். ஒரு மருத்துவனா இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் புரியுது. புள்ளிவிவரம் இல்லாமல் கொள்ளை நோயை விரட்ட முடியாது. ஆனா, கேட்டு வாங்க வேண்டிய சம்மதத்தை அதிகாரத்தில் எடுத்தா, அடுத்த முறை உண்மையைச் சொல்ல ஆள் இருக்காது.

பலன் இருந்ததா? திருத்தின வீடுகள் உள்ள பகுதிகளில் பிளேக் தணிந்தது. ஆனால் நோய் திருத்தாத பகுதிகளைத் தேடிக் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. 1930-களின் ஆரம்பத்தில் மேற்கு ஜாவாவில் பெரிய அலை அடித்தது. அப்புறம் பாண்டுங்கின் பாஸ்டர் நிறுவனத்தில் லூயி ஓட்டன், வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியைக் கொண்டு ஒரு தடுப்பூசி உருவாக்கினார். 1930-களின் நடுவிலிருந்து லட்சக்கணக்கில் போட்டார்கள். சாவு வேகமாகச் சரிந்தது. மொத்தத்தில் ஜாவாவில் பிளேக் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரைக் கொண்டு போனது. தடுப்பூசிக்கு உரிய பாராட்டை நான் குறைக்க மாட்டேன். ஆனா ஊசி எலியை வீட்டை விட்டு அனுப்பாது. அந்த வேலையைச் செய்தது கூரையும் தூணும்தான்.

நம்ம பக்கமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. பெங்களூருவில் இருக்கிறவங்களுக்கு ஃப்ரேசர் டவுன் தெரியும். 1898-ல் பெங்களூருவை பிளேக் தாக்கின பிறகு, 'பிளேக் புகாத ஊர்' என்கிற யோசனையில் திட்டமிட்டுக் கட்டினது அது. ஜே.எச்.ஸ்டீபன்ஸ் என்பவர் 1914-ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டிருக்கார். கோயம்புத்தூர்க்காரங்களுக்கு பிளேக் மாரியம்மன் கோயில் தெரிஞ்சிருக்கும். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தா, ஆஸ்பத்திரிக்கு ஆள் போறதுக்கு முன்னாடியே ஊரைக் காலி பண்ணிட்டுத் தோட்டத்தில் சாளை போட்டுத் தங்கின தலைமுறை அது. எந்த ஆய்வுக் கட்டுரையும் படிக்காம, செத்த எலி இருக்கிற வீட்டில் இருக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

இன்றைக்கு நம்ம வீடுகளில் பிளேக் பயம் இல்லை. எலிக்காய்ச்சல் இருக்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியா உள்ளே போனாலே போதும், சிறுநீரகம், கல்லீரல் வரைக்கும் பாதிக்கும். ஆகவே எலியை வெளியே நிறுத்தணும். ஜாவாக்காரங்க பார்த்த கண்ணோட நம்ம வீட்டைப் பார்ப்போம்.

கான்கிரீட் வீட்டில் மூங்கில் இல்லை. ஆனா ஏசி குழாய் போன ஓட்டை இருக்கு. சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போற இடம் இருக்கு. வாஷிங் மெஷின் தண்ணி வெளியே போற வழி இருக்கு. ஒரு சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் போதும். அதாவது உங்க பென்சில் நுழையற ஓட்டையில் அது நுழையும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டுட்டு வெளியே நின்று கதவுக்கு அடியில் பாருங்க, வெளிச்சம் எவ்வளவு தடிமனா தெரியுதுன்னு. துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் வெச்சு அடைக்காதீங்க, ஒரே ராத்திரியில் கடிச்சுடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை நல்லாத் திணிச்சு, மேல சிமென்ட் பூசுங்க. சாக்கடைத் துவாரத்துக்கு இரும்பு வலை.

அப்புறம் தங்குற இடம். பரண்ல ஏறிப் பாருங்க. பத்து வருஷமா திறக்காத அட்டைப்பெட்டி, பழைய பாட புத்தகம், கல்யாணத்துக்கு வந்த தெர்மாகோல் பெட்டி. பிளந்த மூங்கிலுக்குள்ள அவங்க பார்த்தது என்னவோ அது உங்க அட்டைப்பெட்டிக்குள்ள இருக்கலாம். ஃபிரிட்ஜைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க. அரிசி மூட்டையைச் சாக்கோட மூலையில் சாய்க்காம, மூடி போட்ட டிரம்மில் கொட்டுங்க. நாய்க்கு வெச்ச சோறு மீந்தா ராத்திரி எடுத்துடுங்க. எலிப் புழுக்கை இருந்தா காய்ஞ்ச துடைப்பத்தால் பெருக்காதீங்க, தூசியா பறக்கும். பிளீச்சிங் கரைசல் தெளிச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைங்க. அப்புறமும் உள்ளே சிக்கினதுக்கு எலிப்பொறி இருக்கவே இருக்கு.

வாடகை வீட்டில் இருக்கிறவங்க கேட்பீங்க, ஓட்டையை அடைக்க ஓனர் விடலைன்னா என்ன பண்றது, செலவு யார் பண்றதுன்னு. நியாயமான கேள்வி. நூறு வருஷத்துக்கு முன்னாடி மலங்கில் கேட்ட அதே கேள்வி. கம்பி நாரும் ஒரு கிலோ சிமென்ட்டும் நூறு, நூற்றைம்பது ரூபாயில் முடிஞ்சிடும், ஆனா தெருச் சாக்கடையை மூடுறதும் குப்பையை அள்ளுறதும் உங்க செலவு இல்லை, உள்ளாட்சியின் வேலை. கேட்டு வாங்குங்க. தெரு முழுக்கக் குப்பை கிடக்கிற இடத்தில் ஒரு வீட்டை மட்டும் அடைச்சா, பம்பாயில் நடந்த மாதிரி எலி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

கடைசியா அந்த பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கு. இருந்தும் வார்டுக்கு வந்துகிட்டுதான் இருக்காங்க. பிரட்லயோ வடையிலயோ தடவி மூலையில் வெச்சதைக் குழந்தை எடுத்துச் சாப்பிடுது. டூத் பேஸ்ட்னு நினைச்சுப் பல் தேய்ச்ச பெரியவங்க இருக்காங்க. கோபத்திலும் துக்கத்திலும் எடுத்தவங்க இருக்காங்க. வீட்டில் அது இல்லாம இருந்திருந்தா அந்த ஒரு மணி நேரம் கடந்து போயிருக்கும்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. இன்னொரு ஏமாற்று வேலையும் இதுக்கு உண்டு. முதல் நாள் வாந்தி, வயிற்று வலி. அப்புறம் ஓரிரு நாள் ஆள் சாதாரணமா இருப்பார், சாப்பிடுவார், வீட்டுக்குப் போறேன்னு அடம் பிடிப்பார். உறவினர்களும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. கல்லீரல் பாதிப்பு அதுக்கு அப்புறம்தான் தெரியவரும். அதனால துளி வாயில் பட்டது தெரிஞ்சாலும், ஆள் நல்லா இருந்தாலும், வீட்டு வைத்தியம் எதுவும் பண்ணாம, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு வாங்க. பேஸ்ட் டியூபையும் கையோடு எடுத்துட்டு வாங்க. நாங்க கல்லீரல் பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோம், போகலாம்னு சொல்ற வரைக்கும் இருங்க. மனசு சரியில்லாம தவிக்கிறவங்க யாரா இருந்தாலும் 104-க்கோ 14416-க்கோ எந்த நேரமும் பேசலாம். இரண்டிலும் தமிழில் பேச ஆள் இருக்காங்க.